குழந்தைகள் வார்டைத் தாண்டும் வயது

கரு உருவாகி 28 நாட்கள் ஆவதற்குள், பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரிய வராத காலத்தில், கருவின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் தட்டையான திசுப்பட்டை ஒன்று இரு ஓரங்களும் மேலெழுந்து, மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குழலாகிறது. அந்தக் குழலின் மேற்பகுதி மூளையாகவும் கீழ்ப்பகுதி தண்டுவடமாகவும் வளர்கிறது. கீழே எங்காவது ஓரங்கள் ஒட்டாமல் நின்றுவிட்டால், அந்த இடத்தை மூட வேண்டிய முதுகெலும்பும் திறந்தே நின்றுவிடும். இதுதான் ஸ்பைனா பைஃபிடா, முதுகெலும்புப் பிளவு. சிலருக்கு எக்ஸ்ரே எடுத்தால் மட்டுமே தெரியும் அளவுக்குச் சிறிய பிளவாக அது நின்றுவிடும். ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. கடுமையான வகையான மயிலோமெனிங்கோசீலில் தண்டுவடமே உறைகளோடு முதுகில் பை போலப் பிதுங்கியிருக்கும். பிளவுக்குக் கீழே உள்ள நரம்புகள் சரியாக வேலை செய்வதில்லை. கால்களில் பலக்குறைவு, தொட்டால் உணராத தோல், தானாக நிரம்பித் தானாக வடியத் தெரியாத சிறுநீர்ப்பை, கட்டுப்பாடில்லாத மலக்குடல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரும்பாலோருக்கு மூளையிலும் நீர் தேங்கும்.

1950-களுக்கு முன்பு இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அந்த நிலையை மாற்றியதில் பூட்டு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் டெக்னீஷியனாக இருந்த ஜான் ஹோல்ட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய மகனே இக்குறையோடும் மூளையில் நீர்த்தேக்கத்தோடும் பிறந்தான். நீரை வடிக்க அப்போது வைத்த குழாய்களெல்லாம் அடைத்துக்கொண்டன அல்லது ரத்தத்தைப் பின்னோக்கி இழுத்தன. ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் சிறு வால்வு ஒன்றை ஹோல்ட்டர் சிலிகோனில் செய்து கொடுக்க, பிலடெல்பியாவில் யூஜின் ஸ்பிட்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1956-ல் அதைப் பொருத்தத் தொடங்கினார். மூளை நீரை உடலின் வேறிடத்துக்கு வடித்துவிடும் ‘ஷண்ட்’ அதிலிருந்துதான் நம்பத்தக்க சிகிச்சையானது. தலை தப்பியது, அடுத்து உயிரை வாங்கியது சிறுநீரகம். சிறுநீர்ப்பையில் தேங்கும் நீர், அழுத்தம் கூடி, சிறுநீரகம்வரை பின்னேறி அதைச் சிதைக்கும். 1972-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாப்பிடஸ், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு நீரை வெளியேற்றிவிட்டு உடனே எடுத்துவிடலாம், அதற்கு அறுவை அரங்கின் கிருமியற்ற சுத்தம் தேவையில்லை, கை கழுவினால் போதும் என்று எழுதினார். அன்றைய மருத்துவ உலகுக்கு அது அபசாரமாகப் பட்டது. நோய்த்தொற்றுக்கு முக்கியக் காரணம் குழாயில் ஒட்டி வரும் கிருமியல்ல, தேங்கி நிற்கும் நீரும் அழுத்தமுமே என்ற அவருடைய வாதம் நின்றது. இன்று உலகெங்கும் ஆறேழு வயதுக் குழந்தைகள்கூடப் பள்ளிக் கழிப்பறையில் இதைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

அதனால் குழந்தை நோய் என்று பாடப்புத்தகம் வைத்திருந்த ஒன்று, வளர்ந்தவர்களின் நோயாகவும் ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஸ்பைனா பைஃபிடாவோடு வாழ்பவர்களில் இன்று குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகம். மருத்துவமனைகள் மட்டும் இன்னும் பழைய கணக்கிலேயே கட்டப்பட்டிருக்கின்றன.

அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்பைனா பைஃபிடா கிளினிக் நடக்கும் விதமே தனி. ஒரே நாளில், ஒரே தாழ்வாரத்தில், மூளை-நரம்பு அறுவை மருத்துவர், சிறுநீரகப் பாதை மருத்துவர், எலும்பு மருத்துவர், இயன்முறை நிபுணர், சமூகப் பணியாளர் எல்லோரும் குழந்தை இருக்கும் அறைக்கே மாறி மாறி வருவார்கள். எல்லாவற்றையும் கோத்து வைத்திருப்பவர் ஒரு ஒருங்கிணைப்பு நர்ஸ். குடும்பங்களின் செல்போனில் அவர் எண் இருக்கும். பதினெட்டிலிருந்து இருபத்தொன்றுக்குள் ஏதோ ஒரு பிறந்தநாளில் இந்த ஏற்பாடு முடிகிறது. அதன் பிறகு ஆளுக்கொரு கட்டடம், ஆளுக்கொரு தேதி. பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவர் ஷண்ட் வைத்த நோயாளியை வருடத்துக்கு ஒருவரைக் கூடப் பார்த்திருக்க மாட்டார். அதே வயதில் சட்டமும் மாறுகிறது. 18 ஆனதும் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் உரிமை இளைஞருடையது. அவர் அனுமதியில்லாமல் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகூடச் சொல்லக் கூடாது. அரசின் மாற்றுத்திறன் உதவித்தொகைக்கான தகுதி பெரியவர்களின் அளவுகோலில் மறுபடி எடைபோடப்படுகிறது. பெற்றோரின் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு 26-வது வயதுவரை அது நீடிக்கும். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

எந்த நீண்டகால நோயிலும் இந்தக் கடப்பு சிரமம்தான். ஸ்பைனா பைஃபிடாவில் கூடுதலாக ஒரு முடிச்சு இருக்கிறது. இவர்களில் பலர் சரளமாகப் பேசுவார்கள், வார்த்தை வளம் நன்றாக இருக்கும், எதிரில் இருப்பவரைச் சிரிக்க வைப்பார்கள். ஆனால் மூளையின் அமைப்பு மாறுபட்டிருப்பதாலும் நீர்த்தேக்கத்தாலும், திட்டமிடுதல், ஒரு வேலையை யாரும் சொல்லாமல் தொடங்குதல், இடையில் விட்டதை நினைவாக மறுபடி எடுத்தல் ஆகியவற்றில் தடுமாற்றம் இருக்கும். பத்து நிமிடப் பேச்சில் இது வெளியே தெரியாது. ‘நன்றாகப் பேசுகிறான், எல்லாம் பார்த்துக்கொள்வான்’ என்று மருத்துவர் எழுதிவிடுவார். சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தின் கிரேசன் ஹோல்ம்பெக் குழுவினர் இக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், தானே முடிவெடுத்து நடக்கும் பழக்கம் வயதொத்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாமதமாக வருவதைக் கண்டார்கள். இந்த இரண்டாண்டு இடைவெளியை இட்டு நிரப்பிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் அம்மா. குழாய் தீரும் முன் ஆர்டர் போடுவது, நாலு மணி நேரம் ஆனதும் குரல் கொடுப்பது, சக்கர நாற்காலி மெத்தையில் காற்று இறங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பது, இரவில் பாதத்தைத் திருப்பிச் சிவப்பு இருக்கிறதா என்று தேடுவது. எந்த மருத்துவக் கோப்பிலும் இவை ஏறுவதில்லை. கைமாற வேண்டியது கோப்பு மட்டுமல்ல, இந்த வேலையும்தான் என்பது பல மருத்துவமனைகளுக்குப் பிந்தியே உறைத்தது.

தொலைமருத்துவம் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. தூரத்தைக் குறைப்பது அதன் முதல் பயன் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. அலபாமா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் மொபைல் நகரிலிருந்து, ஸ்பைனா பைஃபிடாவுக்கு வாழ்நாள் முழுவதற்குமான பராமரிப்புத் திட்டம் வைத்திருக்கும் பர்மிங்ஹாமுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். சக்கர நாற்காலி ஏறும் வண்டி, வழியில் குழாய் விடத் தோதான கழிப்பறை, பெற்றோரின் ஒருநாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்தால் இருபது நிமிடப் பேச்சுக்கு இரண்டு நாள் போகும். ஆனால் கேமராவின் பெரிய உதவி வேறு. அது, வேலை நடக்கும் வீட்டுக்குள் நுழைகிறது.

பதினாறு வயதுப் பையன் ஒருவனோடு ஒருங்கிணைப்பு நர்ஸ் பேசும் வீடியோ அழைப்பு ஒன்றைக் கற்பனை செய்யலாம். “எத்தனை மணிக்கு ஒருமுறை குழாய் விடுகிறாய்?” என்று அவர் கேட்கிறார். பையன் பதில் சொல்லாமல் கண்ணைத் திரைக்கு வெளியே, இடது பக்கம் ஓட்டுகிறான். திரையில் தெரியாத ஒரு குரல் “நாலு மணிக்கு ஒருமுறை” என்கிறது. நர்சுக்குத் தேவையான தகவல் கிடைத்துவிட்டது. அது ‘நாலு’ அல்ல, அந்தக் கண்ணசைவு. “நீயே போய் உன் குழாய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம்” என்கிறார். பையனுக்குப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியவில்லை. தேடி எடுத்துக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறான். பெட்டியின் மேல் 12 என்ற எண். குழாயின் பருமனை அளக்கும் ‘பிரெஞ்சு’ அளவு அது. மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் வரும், அதாவது 4 மில்லிமீட்டர் தடிமன். பக்கத்தில் ‘லேடெக்ஸ் இல்லை’ என்ற குறி. பிறந்ததிலிருந்து அறுவைகளில் ரப்பர் கையுறைகள் திரும்பத் திரும்ப உடலுக்குள் பட்டதால் இவர்களில் பலருக்கு இயற்கை ரப்பர் ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். இந்த எண்ணையும் இந்தக் குறியையும் தானே வாசித்து, பெட்டியில் மீதி எத்தனை என்று எண்ணி, எப்போது ஆர்டர் போட வேண்டும் என்று கணக்கிடுவதுதான் அன்றைய பாடம். அடுத்த அழைப்பில் கடைக்குப் போன் போடுவது அவன் வேலை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், பேசக் கூடாது. அதற்கடுத்ததில் அம்மா அறையிலேயே இல்லை.

மருத்துவமனை அறையில் இந்தப் பாடம் நடக்காது. பெட்டி அங்கே இல்லை, அலமாரியும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய வருகையைவிட, மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம் என்று இப்படி நீளும் சிறு அழைப்புகளே, திட்டமிடத் தடுமாறும் மூளைக்குப் பொருந்தும். ஒருமுறை சொன்னது ஒட்டாது. திரும்பத் திரும்ப, அதே இடத்தில், அதே பொருளைக் கையில் வைத்துச் செய்தால் ஒட்டும். எங்கே நிற்கிறான் என்று அளக்கக் கேள்விப் பட்டியல்களும் உண்டு. ‘டிராக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்றில் இருபது கேள்விகள்: மருந்துச் சீட்டை நீயே புதுப்பிக்கிறாயா, மருத்துவரிடம் நீயே நேரம் வாங்குகிறாயா என்பது போல. பதில்கள் ‘எனக்குத் தெரியாது’ என்பதில் தொடங்கி ‘தேவைப்படும்போதெல்லாம் செய்கிறேன்’ என்பதுவரை ஐந்து படிகள். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சரளமாகப் பேசுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே மார்க் போடும்போது தாராளமாகப் போடுவார்கள். பட்டியலை நம்புவதைவிடப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்வது நல்லது.

இதே பயிற்சியை ஆள் இல்லாமலும் நீட்டிக்க முடியுமா என்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முயன்றார்கள். ஸ்பைனா பைஃபிடா உள்ளவர்களை மனதில் வைத்தே அங்கே ‘ஐ-எம்-ஹியர்’ என்ற செல்போன் செயலித் தொகுப்பு உருவானது. மருந்துக்கு ஒரு பகுதி, குழாய் விடும் நேரத்துக்கு ஒன்று, மலம் கழிக்கும் ஒழுங்குக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, மனநிலைக்கு ஒன்று. நேரம் வந்தால் செயலி நினைவூட்டும். செய்ததைப் பதிய வேண்டும். தோலில் சிவப்போ புண்ணோ தெரிந்தால் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மறுமுனையில் ஒரு நர்ஸ் இவற்றையெல்லாம் தன் திரையில் பார்த்து, தேவைப்பட்டவருக்குச் செய்தி அனுப்புவார். முதல் சோதனைகள் மிகச் சிறியவை, இருபது பேரைச் சற்றே தாண்டியவை. அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தன்னைப் பார்த்துக்கொள்ளும் திறன் கூடியிருந்தது. செயலி திறனைக் கூட்டியதா, திறன் உள்ளவர்கள்தான் செயலியை விடாமல் பயன்படுத்தினார்களா என்பதை அவ்வளவு சிறிய கூட்டத்தில் பிரித்தறிவது கடினம்.

பெரியவர்களுக்கான மருத்துவரிடம் ஒப்படைக்கும் கட்டத்தில் தொலைமருத்துவம் தரும் வசதி இன்னொன்று. குழந்தை மருத்துவர், புதிய மருத்துவர், இளைஞர் மூவரும் ஒரே திரையில் கூடலாம். நேரில் இதற்கு இரண்டு மருத்துவமனைகளின் நாட்குறிப்பு ஒத்துவர வேண்டும். திரையில் அரைமணி போதும். தடிமனான கோப்பு சொல்லாத சில விஷயங்கள் இந்த அரைமணியில்தான் வாய்வழியாகப் போய்ச் சேரும்.

அவற்றில் முதன்மையானது ஷண்ட் பற்றியது. ஷண்ட் அடைத்துக்கொண்டால் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம். சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். வளர்ந்தவர்களிடம் அது மெதுவாகவும் வரும்: வேலையில் கவனம் சிதறுகிறது, எரிச்சல் கூடுகிறது, அவ்வளவுதான். அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்தால் மூளையின் நீர் அறைகள் பெரிதாகத் தெரியும். இவருக்கு அவை நலமாக இருக்கும்போதும் பெரிதுதான். ஆகவே இன்றைய படத்தை ஒப்பிட, நலமாக இருந்த நாளில் எடுத்த பழைய படம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் படத்தைத் தன் செல்போனிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பது, இருபது பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது. வெளியிலிருந்து அளவு மாற்றக்கூடிய வால்வு என்றால் அதன் எண்ணும் வேண்டும். எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் சில வால்வுகளின் அளவை நகர்த்திவிடும், ஸ்கேன் முடிந்ததும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது சிறுநீரகம். ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்பது வழக்கமான கணிப்பு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. கால் தசை மெலிந்திருப்பவரிடம் அது இயல்பாகவே குறைவு. சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் எண் ‘நார்மல்’ என்றே காட்டும். தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை இவர்களுக்குப் பொருத்தமானது. குழந்தைகள் பிரிவில் பழக்கமான இந்தச் செய்தி, பொது மருத்துவர் பலருக்குப் புதிது. சிறுநீர்ப் பரிசோதனையில் இதற்கு நேர்மாறான பிழை நடக்கும். நாள்தோறும் குழாய் விடுபவரின் சிறுநீரில் எப்போதும் கிருமி இருக்கும். காய்ச்சல், வலி, புதிதாகக் கசிவு எதுவுமில்லையென்றால் அது நோயல்ல. இது தெரியாத மருத்துவர் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். ஒரு கட்டத்தில், நிஜமான தொற்று வரும் நாளில், எந்த மருந்தும் வேலை செய்யாது.

அம்மா அறையில் இல்லாத அழைப்புகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. காதல், உறவு, குழந்தைப்பேறு பற்றி இந்த இளைஞர்களிடம் யாரும் பேசுவதில்லை; சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அதெல்லாம் எதற்கு என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் உண்டு. பேச வேண்டியவை மிகத் திட்டவட்டமானவை. சாதாரண ஆணுறை லேடெக்ஸால் ஆனது. ஒவ்வாமை உள்ளவர் வேறு பொருளில் செய்ததை வாங்க வேண்டும். ஸ்பைனா பைஃபிடா உள்ள பெண் கருவுற நினைத்தால், எல்லாப் பெண்களுக்கும் சொல்லும் 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் போதாது. அதன் பத்து மடங்கை மருத்துவர் சீட்டோடு, கருவுறும் முன்பிருந்தே சாப்பிட வேண்டும். முன்பு இக்குறையோடு குழந்தை பெற்ற தாய்மாருக்கு இந்த 4 மில்லிகிராம் அளவு, அடுத்த குழந்தைக்கு அது வருவதை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தடுத்ததை 1991-ல் பிரிட்டன் தலைமையில் பல நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. இதையெல்லாம் கேட்கும் முன் நர்ஸ் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “ஹெட்போன் போட்டிருக்கிறாயா? கதவு சாத்தியிருக்கிறதா?” சிறிய வீடுகளில் அந்தக் கதவு இல்லாமலும் இருக்கும். அப்போது பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்வது உண்டு.

கேமராவால் ஆகாதவை குறைவல்ல. வயிற்றை அமுக்கி மலச்சிக்கலை உணர முடியாது. தசையின் பலத்தைக் கைகொடுத்துத் தள்ளச் சொல்லித்தான் அளக்க வேண்டும். வளரும் வயதில் தண்டுவடம் பழைய தழும்போடு ஒட்டிக்கொண்டு இழுபடும்போது நடை மாறும், முதுகு வலிக்கும், சிறுநீர் ஒழுங்கு கெடும். திரையில் சந்தேகிக்கலாம், முடிவு செய்ய முடியாது. புண்ணின் படம் நிறத்தைக் காட்டும், ஆழத்தையும் வாடையையும் காட்டாது. இருக்கை எலும்புக்கு மேல் வரும் புண்ணைப் படமெடுப்பது என்றால் அது ஓர் இளம் வயதினரின் மறைவிடப் படமும் ஆகிவிடும்; சாதாரண வாட்ஸ்அப்பில் அது சுற்றக் கூடாது. ஷண்ட் வைத்தவருக்குத் தலைவலியோடு வாந்தி வந்தால் வீடியோ அழைப்புக்குக் காத்திருக்கவே கூடாது. நேராக அவசரப் பிரிவு. வருடாந்திர ஸ்கேனும் சிறுநீர்ப்பை அழுத்தப் பரிசோதனையும் நேரில்தான். நன்றாக நடக்கும் திட்டங்கள் நேர்வருகையை ஒழிப்பதில்லை. இரண்டு நேர்வருகைகளுக்கு இடையே கிடக்கும் பதினோரு மாதத்தைத்தான் நிரப்புகின்றன.

சட்டம் ஒரு விசித்திரமான சுவர். அமெரிக்காவில் 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் தொலைமருத்துவத்துக்கான கட்டண விதிகள் ஒரே மாதத்தில் தளர்ந்தன. அதுவரை ஓரமாகக் கிடந்த வீடியோ அழைப்பு அன்றாடமானது. ஆனால் நோயாளி எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலத்தின் உரிமம் மருத்துவரிடம் இருக்க வேண்டும் என்ற அடிப்படை விதி போகவில்லை. பதினெட்டு வயதில் பக்கத்து மாநிலத்துக் கல்லூரிக்குப் போகும் மாணவி, பன்னிரண்டு ஆண்டுகளாகத் தன்னைப் பார்த்த மருத்துவரோடு விடுதி அறையிலிருந்து பேசுவது சட்டச் சிக்கலாகலாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து பேசினால் சிக்கலில்லை. இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல் இந்த இடத்தில் தாராளமானது: பதிவுபெற்ற மருத்துவர் நாட்டின் எந்த மூலையில் இருக்கும் நோயாளியையும் பார்க்கலாம்.

நோயாளியைப் பார்க்க உரிமம் இல்லாதபோதும் மருத்துவர் மருத்துவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். 2003-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் தொடங்கிய ‘எக்கோ’ முறை அப்படிப்பட்டது. கல்லீரல் அழற்சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் சிற்றூர் மருத்துவர்களை வாரம் ஒருமுறை வீடியோவில் கூட்டி, அவரவர் நோயாளியின் கதையைச் சொல்ல வைத்து, சேர்ந்து முடிவெடுக்கப் பழக்கினார். 2011-ல் வந்த ஆய்வு, சிற்றூரில் கிடைத்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழக மருத்துவமனையின் பலனுக்குக் குறைவில்லை என்று காட்டியது. ஸ்பைனா பைஃபிடா போல, ஊருக்கு ஒரு நிபுணர் ஒருநாளும் கிடைக்க வழியில்லாத நிலைகளுக்கு இம்முறை நன்றாகப் பொருந்தும். இந்தியாவின் இ-சஞ்சீவனியிலும் மருத்துவருக்கும் மருத்துவருக்கும் இடையிலான பகுதிதான் முதலில், 2019-ல் வந்தது.

கடைசிப் படி பெரும்பாலும் விட்டுப்போகும் படி. கோப்பு அனுப்பியாயிற்று, கூட்டு அழைப்பும் நடந்தது என்றால் வேலை முடிந்ததாகக் குழந்தைகள் பிரிவு கணக்கை மூடிவிடும். இளைஞர் புதிய மருத்துவரிடம் போனாரா என்று யாரும் பார்ப்பதில்லை. போகாதவர் ஓரிரு வருடம் கழித்து அவசரப் பிரிவில் வந்து சேர்வார். அமெரிக்காவில் கடப்புக்கான பொது நெறியாக வழங்கும் ஆறு கூறுகளில் ஆறாவது இதற்காகவே இருக்கிறது: மாற்றம் நிறைவேறியதை உறுதி செய்தல். குழந்தைகள் பிரிவுக்கு வந்த கடைசி வருகை முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அங்கிருந்து ஓர் அழைப்பு. புதிய மருத்துவரின் பெயர் என்ன, அடுத்த தேதி எப்போது, குழாய் யார் ஆர்டர் போடுகிறார்கள், பழைய ஸ்கேன் படம் போனில் இருக்கிறதா. நான்கு கேள்விக்கும் இளைஞரே, கண்ணை இடது பக்கம் ஓட்டாமல், பதில் சொன்னால் நர்ஸ் அவர் கோப்பை மூடலாம்.